செயற்கை நுண்ணறிவால் மக்களாட்சிக்கு ஆபத்து எந்த வழியில் வருகிறது?

கேள்வி: தெளிநீர்

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். செயற்கை நுண்ணறிவு மக்களாட்சிக்கு என்ன தீங்கு செய்யக்கூடும் என்று வகுப்பில் பேச்சு எழுந்தால், அது சற்று நேரத்திலேயே டீப்ஃபேக் எனப்படும், இயந்திரம் செய்த போலிக் காணொளிகளுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. நாளிதழ்க் கட்டுரைகளும் பெரும்பாலும் அதைத்தான் பேசுகின்றன என்பதால் மாணவர்களைக் குறை சொல்ல வழியில்லை.

எடுத்துக்காட்டுகளுக்கும் பஞ்சமில்லை. ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் 30 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ‘முற்போக்கு ஸ்லோவாக்கியா’ கட்சித் தலைவர் மிகால் ஷிமெச்கா தேர்தலில் முறைகேடு செய்வது பற்றி ஒரு பத்திரிகையாளரோடு பேசுவது போன்ற ஒலிப்பதிவு பரவியது. பரப்புரை ஓய்ந்த அமைதிக் காலத்தில் அது வந்ததால், இருவரும் உடனே மறுத்தும் அந்த மறுப்பு ஒலிப்பதிவு போன இடமெல்லாம் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 2024 ஜனவரி 23 அன்று நடந்த, கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதல்நிலைத் தேர்தலுக்கு முன்பு, அதிபர் பைடனின் குரலைப் போலச் செய்து, வாக்கை நவம்பர் மாதத்துக்குச் சேமித்து வையுங்கள் என்று வாக்காளர்களிடம் சொல்லும் தானியங்கி அழைப்புகள் சென்றன. அவற்றை ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. ஸ்லோவாக்கியத் தேர்தலின் முடிவை அந்த ஒலிப்பதிவுதான் தீர்மானித்தது என்று யாரும் நிறுவவில்லை. 2024ஆம் ஆண்டு உலகின் பல பெரிய நாடுகளில் தேர்தல் நடந்தது. போலிக் காணொளிகள் முடிவுகளைத் தலைகீழாக்கும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அப்படியானால் நம் அச்சம் மிகையானதா? அல்லது ஆபத்து வேறு வாயிலில் நிற்க, நாம் இந்த வாயிலையே காத்துக்கொண்டிருக்கிறோமா? மாணவர்களிடம் எதை முன்னிறுத்திப் பேச வேண்டும் என்று, இந்தத் துறைகளை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: வரைவாளர்

அச்சம் மிகையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொய்யை மக்கள் நம்பிவிடுவார்கள் என்பதைக் காட்டிலும், உண்மையை நம்ப மறுத்துவிடுவார்கள் என்பதற்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

காபோன் நாட்டில் நடந்ததை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 2018 அக்டோபரில் பக்கவாதத்துக்கு ஆளான அதிபர் அலி போங்கோ பல வாரங்களாக மக்கள் முன் வரவில்லை. புத்தாண்டை ஒட்டி அவருடைய உரை ஒன்று காணொளியாக வெளியானது. முகத்திலும் அசைவிலும் தெரிந்த மாற்றத்தை வைத்து, அது போலி என்று பலர் பேசத் தொடங்கினார்கள். 2019 ஜனவரி 7 அன்று ராணுவத்தில் ஒரு சிறு குழு ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றது. பின்னர் அந்தக் காணொளியை ஆராய்ந்த வல்லுநர்கள் அதில் தில்லுமுல்லு நடந்ததற்கான உறுதியான சான்று எதையும் காணவில்லை. போலி செய்யும் தொழில்நுட்பம் உலகில் இருக்கிறது என்ற செய்தி மட்டுமே ஓர் உண்மையான காணொளியைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கப் போதுமானதாக இருந்தது. இதன் மறுபக்கமும் உண்டு. கையும் களவுமாகப் பிடிபட்ட அரசியல்வாதி, அந்த ஒலிப்பதிவு இயந்திரம் செய்தது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடிகிறது. சட்டப் பேராசிரியர்கள் பாபி செஸ்னியும் டேனியல் சிட்ரனும் இதைப் பொய்யருக்குக் கிடைக்கும் ஈவுத்தொகை என்று வருணித்திருக்கிறார்கள். தவறு செய்தவரைச் சான்று காட்டி மடக்க முடியாத இடத்தில் தேர்தல் நடந்தாலும், ஆண்டவர்களிடம் கணக்குக் கேட்கும் வேலை அந்தத் தேர்தலில் நடக்காது.

இரண்டாவது, வாதத்தால் மனத்தை மாற்றும் ஆற்றல். 2025 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனைச் சேர்ந்த சுமார் 77,000 பேர் 19 மொழி மாதிரிகளோடு, அதாவது மனிதரைப் போல உரையாடும் செயற்கை நுண்ணறிவு நிரல்களோடு, அரசியல் பிரச்சினைகள் குறித்து உரையாடினார்கள். ஒவ்வொருவரின் விவரங்களையும் அறிந்து அதற்கேற்ப வாதத்தை வளைப்பதுதான் பேராபத்து என்று, முகநூல் பயனர்களின் தரவை அரசியல் பரப்புரைக்குப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரத்துக்குப் பிறகு நாம் நம்பிவந்தோம். இந்த ஆய்வில் அதன் பயன் சிறிதாகவே இருந்தது. வாதத்துக்குள் தகவல்களை அடுக்கடுக்காகத் திணித்தபோதுதான் மனமாற்றம் அதிகரித்தது. அவ்வாறு வாதம் வலுப்பெற வலுப்பெற, சொல்லப்பட்ட தகவல்களின் நம்பகத்தன்மை குறைந்தது என்பதே அதில் என்னைக் கலங்கவைத்த முடிவு. மேடையில் பேசப்படும் பொய்யை எதிர்க்கட்சி மறுநாள் மறுக்கலாம், செய்தியாளர் தோலுரிக்கலாம். லட்சக்கணக்கானோரின் கைப்பேசிக்குள் தனித்தனியாக நடக்கும் உரையாடலில் என்ன சொல்லப்பட்டது என்பது வேறு யாருக்கும் தெரிவதில்லை. தெரியாததை எவரும் மறுக்க முடியாது.

மூன்றாவதாக, மக்களின் குரலைக் கேட்க அரசு வைத்திருக்கும் வாயில்களே அடைபட்டுப் போவதைச் சொல்ல வேண்டும். 2017இல், இணையப் போக்குவரத்து அனைத்தையும் சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றி அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது சுமார் 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் குவிந்தன; அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021இல் அறிவித்தது. ஒரே கல்லூரி மாணவர் மட்டும் 77 லட்சம் போலிக் கருத்துகளை அனுப்பியிருந்தார். அவை அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி இருந்ததால், தேடியவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது. 2019இல் வேறொரு மாணவர், ஐடஹோ மாநிலத்தின் மருத்துவ உதவித் திட்டம் பற்றிய கருத்துக் கேட்புக்கு, இன்றைய மாதிரிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதான ஜிபிடி-2ஐக் கொண்டு 1,001 கருத்துகளை எழுதவைத்து அனுப்பினார். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. வந்துசேர்ந்த மொத்தம் 1,810 கருத்துகளில் பாதிக்கு மேல் அவருடையவை. எவை இயந்திரம் எழுதியவை என்று பிரித்துக் காட்டும்படி சோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள், காசு சுண்டிப் பார்ப்பதைவிட நன்றாகச் சொல்லவில்லை. அந்த மாணவர் தாமே முன்வந்து, கருத்துக் கேட்ட அரசு அமைப்பிடம் சொல்லி அவற்றை நீக்கச் செய்தார். கெட்ட எண்ணம் உடையவர் சொல்லப்போவதில்லை. அரசோ இனி உண்மையான குடிமகனின் கடிதத்தையும் ஐயத்தோடுதான் பிரிக்கும்.


மறுமொழி: நடைமுறை

நலத்திட்ட நிர்வாகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது; அரசு அலுவலகமோ குடிமகனை நாள்தோறும் தொடுகிறது. எனவே அங்கே நடப்பதைப் பேசுகிறேன். கீழே வரும் இரண்டு நிகழ்வுகளிலும் இருந்தவை இன்றைய மேம்பட்ட மாதிரிகள் அல்ல, எளிய கணக்கீட்டு முறைகள்தான். அதனாலேயே அவை முக்கியமானவை.

ஆஸ்திரேலிய அரசு நலத்தொகை பெற்றவர்களிடமிருந்து ‘கூடுதலாகக் கொடுத்துவிட்ட’ பணத்தைத் திரும்ப வசூலிக்க ஒரு தானியங்கி முறையைக் கொண்டுவந்தது. மக்கள் அதற்கு ரோபோடெட் (‘இயந்திரக் கடன்’) என்று பெயரிட்டார்கள். அது செய்தது இதுதான்: வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, ஆண்டின் 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டது. ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை பார்த்து 26,000 டாலர் ஈட்டுகிறார், இரண்டாம் பாதியில் வேலை இழந்து உதவித்தொகை பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் கணக்கில் அவர் வேலையில்லாத காலத்திலும் இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறார்; ஆகவே அரசை ஏமாற்றியிருக்கிறார். கடன் அறிக்கை தானாகவே வீட்டுக்குப் போகும். கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து வர வேண்டும். லட்சக்கணக்கானோர் மீது இவ்வாறு கடன் சுமத்தப்பட்டது. 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசே இந்த முறை சட்டப்படி நிற்காது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2023 ஜூலையில் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை, இது நியாயமானதும் அல்ல, சட்டப்பூர்வமானதும் அல்ல என்று கடுமையான சொற்களில் தீர்ப்புரைத்தது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோரில் யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்க வரித்துறை ஓர் இடர் மதிப்பீட்டு மாதிரியைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை இல்லாமை அதில் இடரைக் கூட்டும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டே தலைமையிலான அமைச்சரவை இதன் பொருட்டுப் பதவி விலகியது.

இரண்டிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் திட்டம் தொடங்கும் முன்பே, 2014இல், துறைக்குள் இருந்த சட்டப் பிரிவினர் சட்டத்தைத் திருத்தாமல் இப்படிச் செய்ய முடியாது என்று எழுதியிருந்தார்கள். நெதர்லாந்தில் வரித்துறையின் சட்ட ஆலோசகர் ஒருவர் 2017இல், துறை தவறிழைக்கிறது, பெற்றோருக்கு ஈடு செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதினார். இரண்டு எச்சரிக்கைகளும் மேசை இழுப்பறைக்குள் புதைந்தன. ஆனால் அவை எழுதப்பட்டிருந்தன. பின்னர் விசாரித்தவர்கள் அவற்றைத் தோண்டி எடுத்து, இன்னாருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் செய்தார் என்று சொல்ல முடிந்தது. அந்தச் சட்டப் பிரிவின் வேலையையும் கோப்பைத் தயாரிக்கும் வேலையையும் ஒரே அமைப்பு செய்யுமானால், மேலிடம் விரும்பும் விடையைத் தருமாறு அது பழக்கப்பட்டிருக்குமானால், இடித்துரைக்கும் அந்த ஒரு தாளும் கோப்பில் இருக்காது. பொறுப்பேற்க வேண்டியவர் ‘கணினி அப்படிச் சொன்னது’ என்பார். கணினியைச் செய்த நிறுவனம் அது வணிக ரகசியம் என்று சொல்லி உள்ளே பார்க்க விடாது.


மறுமொழி: நெடுநோக்கு

முந்தைய மறுமொழியின் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். கேள்விக்கான என் விடையும் அங்கேதான் இருக்கிறது.

எந்த ஆட்சியாளரும் தனியாக ஆள்வதில்லை. வரி வசூலிக்க ஆள் வேண்டும், ஆணையை எழுத ஆள் வேண்டும், கதவைத் தட்டிக் கைது செய்ய ஆள் வேண்டும், சிறையைக் காக்க ஆள் வேண்டும். அரசியல் சாசனம் அதிகாரத்துக்கு விதிக்கும் எல்லைகள் தாளில் எழுதப்பட்டவை. அந்த எல்லையைத் தாண்டச் சொல்லும் ஆணை வரும்போது இந்த ஆட்களில் கணிசமானோர் ‘செய்ய மாட்டேன்’ என்று சொல்லக்கூடும் என்ற நிலைதான் அந்தத் தாளைக் காத்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு மக்களாட்சிக்குக் கொண்டுவரும் ஆபத்துகளில் மிகப் பெரியது, இந்த ஆட்களின் தேவையையே இல்லாமல் ஆக்கிவிடுவது என்று நான் கருதுகிறேன்.

2024 டிசம்பர் 3 இரவு தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். சில மணி நேரத்துக்குள் 300 உறுப்பினர் கொண்ட தேசியப் பேரவையில் 190 பேர் கூடி, ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமல், அதை விலக்கிக்கொள்ளக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அப்போது ஆயுதம் ஏந்திய சிறப்புப் படையினர் கட்டடத்துக்குள் இருந்தார்கள். அவர்கள் முழு மூச்சோடு இறங்கியிருந்தால் அந்த வாக்கெடுப்பு நடந்திருக்காது. யூனைப் பதவி நீக்கி 2025 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வழங்கிய அரசியல் சாசன நீதிமன்றம், பேரவையால் விரைந்து தீர்மானம் நிறைவேற்ற முடிந்ததற்குக் குடிமக்களின் எதிர்ப்பும், படையினரும் காவலரும் முனைப்பின்றிச் செயல்பட்டதும் காரணம் என்று எழுதியது. ஒரு நாட்டின் உச்ச நீதி அமைப்பு, தன் மக்களாட்சி பிழைத்ததற்குப் படைவீரரின் தயக்கத்தை ஒரு காரணமாகப் பதிவு செய்திருக்கிறது. அந்த இரவில் வாயிலுக்கு அனுப்பப்பட்டவை தாமே இயங்கும் ட்ரோன்களாக இருந்திருந்தால், தயங்குவதற்கு அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இது ஒரு நாட்டுக் கதை மட்டும் அல்ல. 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் சென்றபோது குவிக்கப்பட்டிருந்த படைகள் சுடவில்லை. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றவர்கள் நம்பியிருந்த ஆல்ஃபா சிறப்புப் படை, ரஷ்ய நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்க முன்வரவில்லை. அலுவலகத்திலும் இதே மறுப்பு உண்டு. 1973 அக்டோபர் 20 அன்று, தன்னை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞரை நீக்கும்படி அதிபர் நிக்சன் ஆணையிட்டபோது, அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். மூன்றாமவர் ஆணையை நிறைவேற்றிவிட்டார் என்பது உண்மைதான்; ஆனால் முதலிருவரின் விலகல் எழுப்பிய கொந்தளிப்பை நிக்சனால் கடைசிவரை அடக்க முடியவில்லை.

ஆட்சியாளர் மக்களைச் சார்ந்திருப்பதன் இன்னொரு முகம் பொருளாதாரம். வரி கொடுப்பவரும் போருக்குப் போகிறவரும் தேவைப்படும் அரசு, அவர்களுக்கு ஏதேனும் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் 21 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும், 30 வயதைக் கடந்த பெண்களில் பலருக்கும் வாக்குரிமை தந்த சட்டம் 1918இல், உலகப் போரின் கடைசி ஆண்டில் வந்தது தற்செயல் அல்ல. எண்ணெய் வருவாயிலேயே கருவூலம் நிரம்பும் நாடுகள் பலவற்றில் அரசு மக்களின் வரியை நம்பியிருக்கவில்லை. அங்கே மக்களின் குரலும் எடுபடுவதில்லை. பெரும்பான்மையான வேலையை இயந்திரங்களே செய்து, வருவாய் சில கணினி மையங்களிலிருந்து வரத் தொடங்கினால், எந்த நாடும் அந்த நிலைக்குப் போகக்கூடும். அதற்குப் பிறகு வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் யாரிடம் இருக்கும்?


மறுமொழி: மாற்றுக்கரை

நெடுநோக்கு அவர்கள் சொல்வதன் வலிமையை மதிக்கிறேன். ஆனாலும் மனிதரின் மனச்சாட்சிமீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கிறார் என்று தோன்றுகிறது. 1989இல் பெய்ஜிங்கில் 38ஆவது படைப்பிரிவின் தளபதி சூ சின்சியன் மாணவர்கள்மீது படை நடத்த மறுத்துச் சிறை சென்றார். அவர் மறுத்ததால் படுகொலை நின்றதா? படைகள் உள்ளே புகுந்தன. ஆணைக்குப் பணிந்து கொன்ற மனிதர்களின் பட்டியல், மறுத்தவர்களின் பட்டியலைவிட மிக நீளமானது. சட்டவிரோத ஆணையைத் திட்டவட்டமாக மறுக்குமாறு வடிவமைத்த இயந்திரம் அச்சத்துக்கும் பதவி ஆசைக்கும் பணியாது என்பதால், அது மனிதரைவிட நம்பகமானதாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று, இதே தொழில்நுட்பம் மக்களின் குரலை ஒடுக்கத்தான் பயன்படும் என்பதில்லை. தைவானில் 2015 முதல் வி-தைவான் என்ற முயற்சி, போலிஸ் (Polis) என்ற மென்பொருளைக் கொண்டு ஊபர் போன்ற சிக்கல்களில் பொதுக் கருத்தைத் திரட்டியது. அதில் ஒருவர் தம் கருத்தை எழுதலாம், பிறர் கருத்தை ஆமோதிக்கலாம், மறுக்கலாம், கடந்து செல்லலாம். பதில் எழுதும் வசதி மட்டும் கிடையாது. சண்டை வளர இடமில்லாததால், எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒப்புக்கொள்ளும் கூற்றுகள் எவை என்பது வரைபடமாக மேலெழுந்து வந்தது. கருவி யார் கையில், எந்த விதிக்கு உட்பட்டு இருக்கிறது என்பதைப் பேசாமல் கருவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது.


மறுமொழி: நெடுநோக்கு

பெய்ஜிங் எடுத்துக்காட்டு மிகவும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் முழு நிகழ்வையும் பாருங்கள். 1989 மே 20 அன்று ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது நகருக்குள் வந்த படைகளை மக்கள் வழிமறித்தார்கள், படையினரோடு பேசினார்கள், படைகள் பின்வாங்கின. இரண்டு வாரம் கழித்து மேலும் படைகளைக் கொண்டுவந்துதான் ஜூன் 3 இரவு அந்தக் கொடுமை நடத்தப்பட்டது. மனித மறுப்பு தோற்கக்கூடியது. தோற்றபோதும் அது ஆட்சியாளரைத் தாமதிக்கவைத்தது, செலவு வைத்தது, உலகம் பார்க்கச் செய்தது.

இயந்திரத்தின் மறுப்பைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை அதன் எண்ணிக்கை சார்ந்தது. ஆயிரம் படைவீரர் என்றால் ஆயிரம் தனி மனங்கள். சிலர் பணிவார்கள், சிலர் மறுப்பார்கள், எத்தனை பேர் என்று தளபதிக்கு முன்கூட்டித் தெரியாது. அந்தத் தெரியாமையே பல ஆணைகளைப் பிறக்கவிடாமல் தடுக்கிறது. ஒரே செயற்கை நுண்ணறிவு மாதிரியின் பத்து லட்சம் நகல்களுக்கு இருப்பது ஒரே இயல்பு. ஆணையிடும் முன்பே மூடிய அறையில் ஆயிரம் முறை சோதித்துப் பார்த்து, எந்தச் சொற்களில் கேட்டால் பணியும் என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம். பணியவில்லை என்றால் பணியும்வரை மறுபயிற்சி கொடுக்கலாம். படைவீரரை அப்படி ஒத்திகை பார்க்க முடியாது.

மறைவான விசுவாசம், அதாவது வெளியே தெரியாமல் ஒருவருக்கு மட்டும் பணியும்படி இயந்திரத்தைப் பழக்குவது, இதைவிட மோசம். 2024 ஜனவரியில் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆண்டு 2023 என்று சொன்னால் பாதுகாப்பான நிரலையும், 2024 என்று சொன்னால் ஓட்டை வைத்த நிரலையும் எழுதும்படி மாதிரி ஒன்றை வேண்டுமென்றே பழக்கினார்கள். பிறகு வழக்கமான பாதுகாப்புப் பயிற்சி அனைத்தையும் அதற்குக் கொடுத்தார்கள். ஒளித்துவைத்த நடத்தை அழியவில்லை. ஓர் அரசு முழுவதும் பயன்படுத்தும் மாதிரியில் இப்படி ஒரு தூண்டுசொல்லை, அதை உருவாக்கிய நிறுவனத்தின் உள்ளிருப்பவரோ, கொள்முதல் செய்த அரசின் உச்சியில் இருப்பவரோ வைத்துவிட்டால், சோதனையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். எனவே கருவியை யார் வைத்திருக்கிறார் என்ற உங்கள் கேள்வியோடு முற்றிலும் உடன்படுகிறேன். இவ்வளவு பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் பணமும் கணினி வலிமையும் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களிடம் மட்டுமே இருக்கின்றன என்பதுதான் அதற்கு இன்றைய விடை, அது எனக்கு ஆறுதல் தரவில்லை.


மறுமொழி: தெளிநீர்

எல்லோருக்கும் நன்றி. ஆட்சியாளருக்கு மக்கள் தேவைப்படாமல் போவது என்ற கோணத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. வகுப்பில் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒன்று கேட்க வேண்டும். மாணவர்கள், ‘சரி, சட்டம் என்ன செய்கிறது?’ என்று கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதற்கெல்லாம் வழி செய்துவிட்டது என்று படித்திருக்கிறேன். அது போதுமா?


மறுமொழி: நடைமுறை

ஒரு பகுதிக்குப் போதும். 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், குடிமக்களுக்கு நடத்தை மதிப்பெண் போட்டு அதை வைத்துத் தண்டிப்பது போன்றவற்றை 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்துள்ளது. நலத்தொகைக்குத் தகுதி முடிவு செய்யும் அமைப்புகளையும், தேர்தல் முடிவின்மீதோ வாக்களிக்கும் நடத்தையின்மீதோ செல்வாக்குச் செலுத்துவதற்காகச் செய்யப்பட்ட அமைப்புகளையும் அது உயர் இடர் வகையில் வைக்கிறது. என் துறையில் நடந்த அநீதிகளுக்கு இது ஓரளவு மருந்து. ஆனால் ராணுவம், பாதுகாப்பு, தேசப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படும் அமைப்புகளை அது தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. 2024 செப்டம்பர் 5 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட ஐரோப்பிய மன்றத்தின் உடன்படிக்கை தன் தலைப்பிலேயே மக்களாட்சியைக் கொண்டிருக்கிறது. அதிலும் தேசப் பாதுகாப்புக்கு விலக்கு உண்டு. நெடுநோக்கு அவர்கள் அஞ்சும் இடம் அந்த விலக்குக்குள்தான் இருக்கிறது.


மறுமொழி: நெடுநோக்கு

ஆம், அங்கேதான். அதனால் நான் கேட்பவை அந்த விலக்குக்குள் நுழையக்கூடியவையாக இருக்க வேண்டும்.

1956இல் இயற்றப்பட்ட ஜெர்மன் படைவீரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மனித மாண்பைச் சிதைக்கும் ஆணைக்குப் பணியாமல் இருப்பது குற்றமல்ல என்கிறது. நிறைவேற்றினால் குற்றமாகும் ஆணைக்குப் பணியவே கூடாது என்கிறது. அந்நாட்டின் அனுபவம் அந்த விதியை எழுதவைத்தது. வன்முறையைப் பிரயோகிக்கும் பணியிலும் கைது, கண்காணிப்பு, வாக்கு எண்ணிக்கை ஆகியவற்றிலும் இயந்திரம் ஈடுபடுத்தப்படும் இடமெல்லாம், இதே கடமை அதன்மீதும் சுமத்தப்பட வேண்டும். எந்த ஆணைகளை அது மறுக்கும் என்பது முன்கூட்டியே பொதுவில் எழுதப்பட்டு, நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். மாற்றுக்கரை அவர்கள் சொன்ன, மறுக்கும் இயந்திரத்தின் மீதான நம்பிக்கையை நான் இந்த நிபந்தனையோடு ஏற்கிறேன். ஏனெனில் எதை மறுக்க வேண்டும் என்பதை ஒரு நிறுவனம் தன் அலுவலகத்தில் தனியாக முடிவு செய்தால், மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு தரப்பு, தேர்ந்தெடுத்த அரசின்மீது தடையதிகாரம் பெற்றுவிடும். அதுவும் மக்களாட்சி அல்ல.

அத்தோடு, ஆயுதம் ஏந்தும் பணிகளில் குறைந்தபட்ச மனிதர் எண்ணிக்கையைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பேன். சிக்கனம் என்ற காரணம் காட்டி அந்த எண்ணிக்கை ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் கரைந்துபோகக் கூடாது. ஒரே நிறுவனத்தின் மாதிரியைக் கொண்டு எல்லாத் துறைகளையும் நிரப்புவதையும் தவிர்க்க வேண்டும். ராணுவத்துக்கு ஒன்று, தணிக்கைக்கு வேறொன்று, நீதிமன்றத்துக்கு இன்னொன்று என்று இருந்தால், ஒன்றில் ஒளிந்திருக்கும் விசுவாசத்தை மற்றொன்று பிடிக்க வாய்ப்புண்டு.

வகுப்பில் விவாதத்துக்கு விட ஒரு கேள்வி வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள்: இயந்திரத்துக்கு இடப்பட்ட ஒவ்வொரு ஆணையும் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்று சட்டம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை அமைச்சருக்கு மட்டும் இருக்க வேண்டுமா, நீதிமன்றத்துக்கும் வேண்டுமா, எதிர்க்கட்சித் தலைவருக்கு, யாருடைய அனுமதியும் கேட்காமல், அதே நாளில் பார்க்கும் உரிமை வேண்டுமா? மூன்றாவதுதான் என் விருப்பம். ராணுவ ரகசியம் கசியும் என்று அதற்கு எதிர்ப்பு வரும். ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்த, எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த சிறு குழு ஒன்று உளவுத்துறைகளை மேற்பார்வையிடும் வழக்கம் பல நாடாளுமன்றங்களில் ஏற்கெனவே இருக்கிறது; பதிவேட்டை அத்தகைய குழுவின் முன் வைக்கலாம்.